இதயத்தில் சூடு வைப்பதா? பெற்றோர் கேட்ட கேள்விகள்

சென்ற இதழில் குழந்தைகளுக்கு வரும் இதயத் துடிப்புக் கோளாறுகள் பற்றி எழுதும்போது, கடைசியில் 'தேவைப்பட்டால் கதீட்டர் அப்லேஷன் செய்யலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ரத்தக் குழாய் வழியாக மெல்லிய ஒயர் விட்டு, இதயத்துக்குள் கோளாறு செய்கிற இடத்தைச் சூடு வைத்து அடைப்பதுதான் அது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. தப்பு என்னுடையது, இந்த முறை அதையே பேசிவிடலாம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

டாக்டர், என் மகனுக்கு 9 வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது என்பான். கழுத்தில் துடிப்பது எங்கள் கண்ணுக்கே தெரியும். பத்து இருபது நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஒரு வருடத்தில் ஐந்து தடவை வந்துவிட்டது, அதில் ஒரு தடவை நிற்கவே இல்லை, மருத்துவமனையில் ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்கள். எஸ்.வி.டி. (சுப்ராவென்ட்ரிகுலர் டக்கிகார்டியா, அதாவது திடீரென்று வரும் வேகத் துடிப்பு) என்கிறார்கள். தொடை வழியாக ஒயர் விட்டு இதயத்துக்குள் சூடு வைத்தால் சரியாகிவிடுமாம். நினைத்தாலே தூக்கம் வரவில்லை. மாத்திரையிலேயே ஓட்டிவிடக் கூடாதா?

ஓட்டலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'உடனே செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்' என்ற பயத்தோடுதான் நிறையப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். இதய அமைப்பு சரியாக இருக்கிற, ஈ.சி.ஜி.யில் வேறு கோளாறு இல்லாத 9 வயதுப் பையனுக்கு எஸ்.வி.டி. தொல்லை பிடித்த விருந்தாளி மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் வீடே கலங்கும், ஆனால் உயிரை எடுக்க வந்தது இல்லை. யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் 'சூடு' என்ற வார்த்தையின் பயம் கொஞ்சம் குறையும். இதயத்தின் மேல் அறைகளில் பிறக்கும் மின் துடிப்பு கீழ் அறைகளுக்குப் போக ஒரே ஒரு வாசல்தான் உண்டு, அதன் பெயர் ஏ.வி. நோட். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இன்னொரு மெல்லிய தசை இழை மேலேயும் கீழேயும் இணைத்துக்கொண்டு நிற்கும். கொல்லைப்புறக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் வழியாக இறங்கிய மின்சாரம் கொல்லை வழியாக மேலே ஏறி, மறுபடி வாசலில் இறங்கி, ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் மாதிரி சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தால் துடிப்பு நிமிடத்துக்கு 200க்கு மேலே போய்விடும். சிலருக்கு ஏ.வி. நோட்டுக்குள் நுழையும் இடத்திலேயே இரண்டு பாதைகள் இருக்கும், அங்கேயும் இதே சுற்று விளையாட்டுதான். உங்கள் மகனுக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் அடினோசினாக இருக்கும். அது வாசலை ஒரு சில விநாடிகள் மூடும், சுற்று அறுந்துவிடும், அவ்வளவுதான். கதவு அப்படியேதான் இருக்கும். தினமும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் அந்தச் சுற்று எளிதாகத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, கதவை எடுத்துவிடாது.

அப்லேஷன் என்பது அந்தக் கதவை நிரந்தரமாக அடைப்பது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கதீட்டர்களை இதயத்துக்குள் கொண்டுபோய், முதலில் ஈ.பி. ஸ்டடி என்ற பரிசோதனை. வேண்டுமென்றே படபடப்பைத் தூண்டிவிட்டு, மின்சாரம் எந்த வழியாகச் சுற்றுகிறது என்று வரைபடம் போடுவார்கள். பெரும்பாலான நேரம் இதற்குத்தான் போகும். இடம் தெரிந்த பிறகு, கதீட்டர் முனையில் ரேடியோ அலைவரிசை மின்சாரத்தைச் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் ஏறக்குறைய 50 முதல் 70 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம், ஒரு நிமிடம். உருவாகும் தழும்பு சில மில்லிமீட்டர் அகலம்தான். பையன் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருப்பான், நெஞ்சைத் திறப்பது கிடையாது. 1968-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இதே கொல்லைக் கதவை நெஞ்சைத் திறந்துதான் வெட்டினார், அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருடம் வேறு நிரந்தர வழி இல்லை. அதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

அனுபவமுள்ள இடத்தில் செய்தால் நூற்றில் 95 குழந்தைகளுக்கு அன்றைக்கே கதவு மூடிவிடும். அடுத்த ஒரு வருடத்தில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத் திரும்ப வரலாம், அவர்களுக்கு இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடையில் ரத்தக்கட்டு, நீலம் பாய்வது சகஜம். வாசலே பழுதாகி நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் வைக்கும் நிலை நூற்றில் ஒன்று என்ற அளவில் வரலாம், ஏ.வி. நோட்டுக்குப் பக்கத்தில் சுட வேண்டியிருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதயச் சுவரில் ஓட்டை விழுவது, ரத்தம் கட்டி மூளைக்குப் போவது எல்லாம் அரிதானவை, ஆனால் ஒப்புதல் படிவத்தில் அவை சும்மா எழுதப்பட்டவை அல்ல.

இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு பக்கம் உங்கள் மகனின் வாழ்க்கையை வையுங்கள். மாத்திரையில் அடங்குகிறதா, அதைத் தினமும் சாப்பிட்டுச் சோர்ந்து கிடக்கிறானா, படபடப்பு வந்துவிடுமோ என்று விளையாடவே போகாமல் ஓரமாக உட்காருகிறானா? வருடத்துக்கு ஒரு தடவை வந்து, மூச்சைப் பிடித்து முக்கினாலே நிற்கிறது என்றால் நான் காத்திருக்கத்தான் சொல்வேன். ஐந்து தடவை, அதில் ஒன்று ஊசி வரை போயிருக்கிறது, பையனுக்கு வயதும் எடையும் போதும். என் பிள்ளையாக இருந்தால் நான் அடுத்த பள்ளி விடுமுறையில் செய்துகொள்வேன். அடுத்த வாரமே ஓட மாட்டேன், ஐந்து வருடம் தள்ளியும் போட மாட்டேன்.

என் பேரனுக்கு 4 மாதம். பால் குடிக்காமல் வெளிறிப்போய் மூச்சு வாங்கினான் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம், துடிப்பு 260 இருந்தது. இப்போது மருந்தில் இருக்கிறான். பெரிய பையன்களுக்கு ஒரே தடவையில் சரிசெய்கிறார்கள், கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் மருந்து மருந்து என்று இழுக்கிறார்கள்?

ஐயா, இழுக்கவில்லை, இங்கே காத்திருப்பதே வைத்தியம். கைக்குழந்தைக்கு வரும் எஸ்.வி.டி.யில் பெரும்பாலானவை ஒரு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடும். பிறக்கும்போது இருந்த அந்த இழை பல குழந்தைகளுக்கு வளர வளரச் செயலிழந்து போகிறது. (பள்ளிக்குப் போகும் வயதில் சிலருக்குத் திரும்ப எட்டிப் பார்ப்பதும் உண்டு, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.) தானாக மூடப்போகிற கதவை உடைத்து அடைப்பானேன்?

இரண்டாவது காரணம் அளவு. 4 மாதக் குழந்தையின் இதயம் அதன் மூடிய கையளவுதான். பெரிய பிள்ளைக்குச் சில மில்லிமீட்டர் தழும்பு ஒரு பொருட்டே இல்லை, இங்கே அதே சில மில்லிமீட்டருக்குள் வால்வும் இருக்கும், இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாயும் இருக்கும். ஆட்டுக்குட்டிகளில் செய்த ஆய்வில், இளம் இதயத்தில் வைத்த தழும்பு வளர்ச்சியோடு சேர்ந்து பெரிதாவதையும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் முடிந்தவரை 15 கிலோ எடை வரும்வரை மருந்திலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். எந்த மருந்துக்கும் அடங்காமல் இதயம் பலவீனமாகிக்கொண்டே போனால் கைக்குழந்தைக்கும் செய்வார்கள்தான், ஆனால் அது வேறு வழியில்லாத நிலை.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ப்ரோப்ரனலால் கொடுக்கிறீர்கள் என்றால் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், வாந்தி பேதி வந்து பால் குடிக்காத நாளில் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், சர்க்கரை அளவு இறங்கிவிடும். அப்புறம், படபடப்பை நிறுத்த முகத்தில் ஐஸ் வைப்பது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்கையும் வாயையும் அடைக்காமல் எப்படி வைப்பது, எத்தனை விநாடி வைப்பது என்று மருத்துவமனையில் செய்துகாட்டச் சொல்லி, கற்றுக்கொண்ட பிறகு மட்டும் செய்யுங்கள். கண்ணை அழுத்துவது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு, அது கூடவே கூடாது.

என் மகளுக்கு 13 வயது, ஓட்டப் பந்தய வீராங்கனை. போட்டிக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி.யில் டபிள்யு.பி.டபிள்யு. இருக்கிறது என்கிறார்கள். அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஈ.பி. ஸ்டடி?

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் முதல் கடிதத்துப் பையனுக்குச் சொன்ன 'அவசரமில்லை' என்பதை நான் இங்கே அப்படியே சொல்ல மாட்டேன்.

உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள் 1930-இல் எழுதியதால் இந்தப் பெயர். ஆயிரம் பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு ஈ.சி.ஜி.யில் இது இருக்கும். முதல் பையனின் கொல்லைக் கதவு கீழிருந்து மேலே மட்டும் திறப்பதாக இருக்கலாம், உங்கள் மகளுக்கு அது மேலிருந்து கீழேயும் திறக்கிறது, அதனால்தான் படபடப்பு இல்லாத நேரத்திலும் ஈ.சி.ஜி.யில் தெரிகிறது. இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. மேல் அறைகள் எப்போதாவது தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால், ஏ.வி. நோட் ஒரு வாயிற்காவலன் மாதிரி பாதியை வடிகட்டி அனுப்பும், இந்தக் கதவுக்கு அந்த விவஸ்தை கிடையாது. சில கதவுகள் வருவதையெல்லாம் கீழே விட்டுவிடும், அப்போது கீழ் அறைகளும் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மிக மிக அரிது. ஆனால் சிலருக்கு அதுவே முதல் அறிகுறியாகவும் இருந்திருக்கிறது, அதனால்தான் தொந்தரவு இல்லை என்பதை மட்டும் வைத்து நாங்கள் விட்டுவிடுவதில்லை.

முதலில் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். துடிப்பு ஏற ஏற, ஏதோ ஒரு கட்டத்தில் அந்த அடையாளம் சட்டென்று மறைந்துவிட்டால் கதவு சோப்ளாங்கி என்று அர்த்தம், நிம்மதியாக இருக்கலாம். மறையவில்லை, அல்லது மறைந்ததா இல்லையா என்று குழப்பமாக இருக்கிறது என்றால்தான் ஈ.பி. ஸ்டடி. அதில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு குறுகிய இடைவெளியில் கதவு திறக்கிறது என்று அளப்பார்கள், 250 மில்லிசெகண்ட் அல்லது அதற்குக் குறைவு என்றால் அது வேகமான கதவு, அப்போது அதே அமர்விலேயே அடைத்துவிடச் சொல்வார்கள். ஆக, உங்கள் டாக்டர் டிரெட்மில் பரிசோதனை செய்தாரா, அதில் என்ன தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். முடிவு தெரியும்வரை போட்டிகளை நிறுத்தி வைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். இன்னொன்று, வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டபிள்யு.பி.டபிள்யு. இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், டிகாக்சின், வெரபமில் போன்ற சில மருந்துகள் அவளுக்குப் பொருந்தாது.

மூன்று மணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டு, "இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் சுடவில்லை" என்று சொல்லி என் 7 வயது மகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அலைச்சல், செலவு, மயக்க மருந்து எல்லாம் வீண்தானே? திறமை இல்லாதவர்களிடம் மாட்டிக்கொண்டோமோ?

எனக்கென்னவோ நல்லவர்களிடம்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் 'ஏ.வி. நோட்டுக்கு மிக அருகில்' என்று இருக்கிறது. அதாவது, வாசலும் கொல்லைக் கதவும் கிட்டத்தட்ட ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில். அங்கே சூடு வைத்து ஒரு மில்லிமீட்டர் தவறினால் வாசலும் போய்விடும், 7 வயதில் பேஸ்மேக்கர் வைத்தால் வாழ்நாள் முழுக்க அதன் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது வரும், மருந்துக்கு அடங்கும் படபடப்புக்கு அது கட்டுப்படியாகாத விலை. இதைக் கணக்குப் போட்டுவிட்டுக் கையை எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிக் காலத்தில் எனக்கு இது விளங்கவில்லை. கண்டுபிடித்த பிறகு விட்டுவிட்டு வருவதா என்று தோன்றும். வெளியே காத்திருக்கும் பெற்றோர் முகத்தைப் பார்த்து 'செய்யவில்லை' என்று சொல்வதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்று போகப் போகத் தெரிந்தது.

அடுத்து என்ன என்றால், க்ரையோ அப்லேஷன் பற்றிக் கேளுங்கள். சுடுவதற்குப் பதில் உறைய வைப்பது. இதன் அழகே, முதலில் மைனஸ் 30 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ஒத்திகை பார்க்கலாம் என்பதுதான். கொல்லைக் கதவு மட்டும் மூடுகிறதா, வாசலும் சேர்ந்து தடுமாறுகிறதா என்று திரையில் தெரியும். தடுமாறினால் உடனே குளிரை நிறுத்திவிட வேண்டியது, பெரும்பாலும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். சரியாக இருந்தால் மைனஸ் 70க்குக் கீழே கொண்டுபோய் சில நிமிடம் வைத்து நிரந்தரமாக்குவார்கள். ஐஸ்கட்டியில் ஈர விரல் ஒட்டிக்கொள்வது மாதிரி கதீட்டர் முனை அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், துடிக்கும் இதயத்தில் வழுக்கிப் போகாது. குறை என்னவென்றால், சூடு வைப்பதைவிட இதில் திரும்ப வருவது கொஞ்சம் அதிகம். உங்கள் மகளின் விஷயத்தில் அந்தப் பேரம் பரவாயில்லை. அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்தாலும் சரிதான். எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கையில் இருக்கிறதே, அது வீண் இல்லை.

11 வயது மகனுக்கு நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுவிட்டு வருகிறது. ஹோல்டரில் (நாள் முழுக்க உடம்பில் மாட்டும் ஈ.சி.ஜி. கருவி) ஒரு நாளைக்கு 900 கூடுதல் துடிப்பு என்று வந்தது. எக்கோ நன்றாக இருக்கிறது, ஓடும்போது அவை மறைந்துவிடுகின்றனவாம். அப்லேஷன் தேவையா?

வேண்டாம். ஒரு நாளைக்கு இதயம் லட்சம் தடவை துடிக்கிறது, அதில் 900 என்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. இப்படி ஓடும்போது மறைகிற ரகம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பல பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும். டாக்டர் சொன்ன இடைவெளியில் ஹோல்டர் மட்டும் எடுத்துப் பாருங்கள், தினமும் நாடி பிடித்து எண்ணுவதை நிறுத்துங்கள், பையனுக்கு அதுவே பதற்றத்தைக் கொடுக்கும்.

எனக்கு 16 வயது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். எடுத்த ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். தேர்வு பயம், மனப் பதற்றம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கும் அப்லேஷன் செய்ய வேண்டியிருக்குமா?

அம்மாடி, அவ்வளவு தூரம் போகாதே, முதலில் அது என்ன என்று பிடிப்போம். படபடப்பு நின்ற பிறகு எடுக்கிற ஈ.சி.ஜி. பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும், ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டு 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்வது மாதிரி. பதற்றத்தில் வரும் படபடப்பு மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்கும். எஸ்.வி.டி. சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கும், சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கும். உனக்கு எப்படி என்று அடுத்த முறை கவனித்து எழுதி வை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், இவ்வளவு போதும். ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் வீட்டில் யாரிடமாவது இருந்தால் படபடப்பு இருக்கும்போதே அரை நிமிடம் பதிவுசெய்து டாக்டரிடம் காட்டு. இல்லாவிட்டால் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டர்கள் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள். பதிவில் எஸ்.வி.டி. என்று தெரிந்தால் மட்டும் அப்லேஷன் பேச்சு, அதுவும் உன்னையும் கேட்டுத்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ உடனே இதய மருத்துவரிடம் போக வேண்டும். அது வேறு வகை நோய்களாக இருக்கலாம், சிலவற்றுக்கு அப்லேஷன் வைத்தியமே இல்லை, மருந்துதான். இந்தப் பக்கத்தை அப்பா அம்மாவிடம் காட்டு.

மகனுக்கு அப்லேஷன் முடிந்து மூன்று வாரம். எப்போது விளையாடலாம்? நடுநடுவே "வரப்போகிற மாதிரி இருக்கு, ஆனா வரலை" என்கிறான். திரும்பி வந்துவிட்டதா?

தொடையில் குத்திய இடம் ஆறுவதற்கு ஒரு வாரம் போதும், அதற்கப்புறம் ஓட்டம், சைக்கிள், பந்து எல்லாம் பொதுவாகச் சரிதான். மூன்று வாரமாகியும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றால் பாவம், அடுத்த பரிசோதனையில் கேட்டுவிட்டு அனுப்பிவையுங்கள். இதயத்தின் இடது பக்கம் செய்திருந்து ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

அவன் சொல்வதை நான் நிறையக் குழந்தைகளிடம் கேட்டிருக்கிறேன். சுற்றைத் தொடங்கிவைக்கும் அந்தக் கூடுதல் துடிப்பு இன்னும் வருகிறது, சுற்றுவதற்குத்தான் வழியில்லை. ஒன்றிரண்டு துடிப்போடு அடங்கிவிடுவதை அவன் 'வரலை' என்கிறான், மிகச் சரியாகச் சொல்கிறான். பழையபடி நிமிடக்கணக்கில் நிற்காமல் அடித்தால் மட்டும் பதிவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள்.